பதினோரு சொட்டுத் தீர்த்தம்

அந்த இயந்திரத்தின் மூடியில் இருபத்து நான்கு போல்ட்டுகள் இருந்தன. கல்லூரியின் வெளிக் கேட்டிலிருந்து அது வைக்கப்பட்டிருந்த கொட்டகைவரை என் நடையில் இருநூற்றுப் பதினான்கு காலடி. கொட்டகையின் கூரை ஓரத்தில் மூன்று நாட்டுக் கொடிகள். இவற்றையெல்லாம் யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. என் மகள் அதனுள்ளே வேலை பார்த்தாள், அதனால் எண்ணினேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருந்த ஒரு பொறியியல் கல்லூரி அது. 2013 வாக்கில் அங்கே ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. இயந்திரத்தை ஒரு வெளிநாடு கொடுத்தது. பாதுகாப்புக் கருவிகளும் அவற்றுக்கான விதிகளும் இன்னொரு நாட்டினுடையவை. இடம், வெயில், தண்ணீர், ஆட்கள் நம்முடையவை. கூரைமேல் பதித்த பலகைகள் வெயிலை மின்சாரமாக்கும். அந்த மின்சாரம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும். அதை உருளைகளில் அடைத்து வண்டி ஓட்டலாம், உரம் செய்யலாம், கரியும் டீசலும் இல்லாமல் ஒரு நாடே நடக்கலாம் என்றார்கள். பசுமை ஹைட்ரஜன் என்று இன்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. ஊரில் அதைத் 'தண்ணி கேஸ்' என்றார்கள்.

முதல் கட்டம் நல்லபடி முடிந்தால் இரண்டாவது கட்டம் மரக்காணம் கடற்கரையில் பெரிதாக வரும். அதற்கு ஆள் தயார் செய்ய நான்கு பேரை எட்டு மாதம் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த நான்கு பெயர்களில் மூன்றாவது என் மகளுடையது. அவளுடைய வேலை இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது. உப்பு துளியும் இல்லாத சுத்தத் தண்ணீர்தான் அதற்குள் போகலாம். ஐம்பது லிட்டர் தொட்டி, அதன்மேல் உப்பளவு காட்டும் ஒரு மீட்டர். காலையும் மாலையும் மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

ஹைட்ரஜன் எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு வருடம் வேதியியல் ஆசிரியராக இருந்தவன் நான். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் இருந்தபோது, துத்தநாகத் துண்டுகள்மேல் அமிலம் ஊற்றி வகுப்பில் ஹைட்ரஜன் தயாரித்துக் காட்டினேன். குடுவையில் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே குழாய் முனையில் நெருப்பு வைக்க வேண்டும். கொஞ்சம் வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்துக் கொளுத்திப் பார்த்துவிட்டு வைப்பது முறை. நான் அனுபவசாலி அல்லவா, மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு வைப்பேன். அன்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பியூன் சுற்றறிக்கை கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன். எண்ணிக்கை எங்கே நின்றது என்று தெரியவில்லை. நாற்பது என்று நானே வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடர்ந்தேன். அறுபது வந்ததும் தீக்குச்சியைக் கொண்டுபோனேன். குடுவை வெடித்தது.

வகுப்பில் நாற்பத்தொரு மாணவர்கள். மூன்று முறை எண்ணினேன். ஒருவருக்கும் காயமில்லை. என் இடது புருவத்தில் நான்கு தையல். அன்று மாலை கட்டுப்போட்ட முகத்தோடு வீட்டுக்குப் போனபோது, ஐந்து வயது மகள் என்னைப் பார்த்து அழாமல், "வலிக்குதாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். இருபது வருடம் கழித்து அவளே போய் அதே வாயுவின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அவள் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். வாயு கசிந்தால் கூரையில் உள்ள கருவி கண்டுபிடித்துவிடும். விசிறிகள் தானே ஓடும். தண்ணீரில் உப்பு கூடினால் இயந்திரம் தானே நின்றுவிடும். மொத்தம் ஒன்பது பாதுகாப்புகள். ஒன்பதையும் மனப்பாடம் செய்தேன். ஒன்பதும் ஒரே நாளில் பழுதானால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்பா, நீங்க பஸ்ஸுல வரும்போது பிரேக்கு, டயரு, டிரைவரு மூணும் ஒரே நாள்ல போனா இன்னா ஆவும்னு யோசிக்கறீங்களா?" என்றாள். யோசிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

தினமும் மதியம் அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். கேன்டீன் இருந்தது. ஆனாலும் போவேன். கொட்டகைக் காவலாளி மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதுக்காரர், முன்பு கடலுக்குப் போனவர். என்னை உள்ளே விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து டியூட்டிக்கு வரும் வழியில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பார். கொட்டகைச் சுவரில், இயந்திரம் கொடுத்த நாட்டிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் தன் கையால் ஒட்டிய அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும், 'தரை எப்போதும் ஈரமின்றி இருக்க வேண்டும்.' மின்கம்பிகள் தரையோடு போனதால் அந்த விதி. காவலாளி அதைத் தினமும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார்.

ஒரு சனிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை மூன்று நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பார்க்கும் கூட்டு ஆய்வு. அந்தச் சனிக்கிழமை வேலை அதிகம் என்று மகள் சொல்லியிருந்ததால் மாலையில் அவளைக் கூட்டிவரப் போனேன். அவள் மாலைக் கணக்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் கூரைமேல் இருந்த சூரியப் பலகைகளின் சுவிட்சை அணைக்கப் பின்பக்கம் போனாள். தொட்டியும் நானும் தனியாக இருந்தோம். தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடிதான், பூட்டு இல்லை.

என் சட்டைப்பையில் கண்மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அதில் தீர்த்தம். எங்கள் மாதா கோயிலில் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மந்திரித்துக் கொடுக்கும் தண்ணீர். வீட்டுப் பீடத்தில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். புது வீடு, புது வண்டி, பரீட்சைக்குப் போகும் பிள்ளை, எல்லோருக்கும் அதைத் தெளிப்போம். இயந்திரத்தின்மேல் தெளிக்கலாம் என்றுதான் கொண்டுபோனேன். மேலே எங்கு பார்த்தாலும் கம்பி. மூடியைத் தூக்கினேன். பத்துச் சொட்டு என்று முடிவு செய்து எண்ணிக்கொண்டே விட்டேன். கை தவறிப் பதினொன்று விழுந்துவிட்டது.

அந்தத் தீர்த்தத்தில் உப்பு உண்டு என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு.

திங்கட்கிழமை காலை இயந்திரத்தை ஓட்டினார்கள். மீட்டரில் ஐந்துக்குமேல் போகக் கூடாது. முப்பத்திரண்டு காட்டியது. மணி அடித்தது, இயந்திரம் நின்றது. மகள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தண்ணியில உப்பும்மா. எங்கேருந்து வந்துதுன்னே தெரியல. சனிக்கிழம சாயந்தரம் ஒன்னுக்குக் கீழ இருந்துது, நானே எழுதினேன்."

"மறுபடி ஓட்டினா ஓடாதா?" என்றாள் என் மனைவி.

"உப்பு உள்ள போய்ப் படிஞ்சிருந்தா மிஷினே போச்சு. மிஷின் குடுத்தவங்க தண்ணி தப்புன்னு மெயில் போட்டுக்கினு இருக்காங்க. நம்ம ஆளுங்க மிஷின் தப்புன்னு போட்டுக்கினு இருக்காங்க. ஒப்பந்தத்துல பதினேழாவது பத்தி, தண்ணிக்கு நம்ம தரப்பு பொறுப்பு. நம்ம தரப்புன்னா யாரு? நான்தான்."

என் மனைவி அடுப்பங்கரைக்குள் போனாள். அன்று இரவு செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளை உருட்டும்போது இரண்டு முறை எண்ணிக்கை தவறினேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுவர்த்திக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தீர்த்தத்துல உப்பு எவ்வளவுங்க போடறீங்க?"

"சாமியார் மந்திரிச்சுக் குடுப்பாரு சார். நான் போடுவேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு கை."

"ரெண்டு கைன்னா எத்தனை கிராம்?"

அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நான் இருபது வருஷமா போடறேன். கைய எடுத்துக்கினு போய்த் தராசுல வெச்சதில்ல."

"தண்ணி எவ்வளவு?"

"அண்டாவுல நாலு கொடம். ஏன் சார், உப்பு கரிக்குதா?"

கரிக்கவில்லை என்று சொல்லி, அவரையே மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மரக்காணத்துக் கல்லுப்பு மூட்டையில் இரண்டு கை அள்ளச் சொன்னேன். கடைக்காரர் நிறுத்தார். நூற்று ஐம்பது கிராம். "இதைக் குடுக்கட்டுமா சார்?" என்றார். வாங்கிக்கொண்டேன். நான்கு குடம் அறுபது லிட்டர்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். பதினோரு சொட்டு என்பது அரை மில்லிக்குச் சற்று மேல். அதிலுள்ள உப்பு ஐம்பது லிட்டரில் கரைந்தால் மீட்டர் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட ஏறாது. நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் அதே விடை. என்னால் அல்ல. பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஆனால் கணக்கைத் தொடங்கிவிட்டால் பாதியில் விட எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வரவேண்டுமென்றால் அதே தீர்த்தம் எவ்வளவு வேண்டும் என்று திருப்பிப் போட்டேன். சுமார் முந்நூறு மில்லி.

எழுந்துபோய்ப் பீடத்தைப் பார்த்தேன். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசிக்குக் கீழே தீர்த்தம் இருந்தது, சனிக்கிழமை நானே அதிலிருந்துதான் புட்டியில் ஊற்றினேன். இப்போது பாட்டிலே இல்லை.

மனைவி மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பீடத்துல இருந்த பாட்டில் எங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்கன்னு கேட்டேன்."

"வாட்ச்மேன் அண்ணன் கிட்ட குடுத்தனுப்பினேன். ஞாயித்துக்கெழம மீன் கொண்டாந்தாரே, அப்போ. மிஷினைச் சுத்தித் தெளிச்சிடுங்கண்ணேன்னு சொன்னேன்." பிறகு புளிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அதாலயா?"

"ஏன் அப்படிச் செஞ்ச?"

"ஏனா? ஆறு மாசமா நீங்க பண்ற பேஜாரு கொஞ்சமா? காலையில எழுந்தா வெடிக்கும், சாப்பிட ஒக்காந்தா வெடிக்கும். புள்ள அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா தெருமுனையில நின்னுக்கினு பஸ்ஸ எண்றீங்க. எனக்கு மட்டும் வயித்துல இரும்பா வெச்சிருக்குது? நான் படிக்காதவ. வெடிக்கும்னு படிச்சவரு சொன்னா நம்பத்தான நம்புவேன்?"

என் சட்டைப்பையிலிருந்த கண்மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்.

புதன்கிழமை கொட்டகை வாசலில் காவலாளியைப் பிடித்தேன்.

"அம்மா சுத்தித் தெளிக்கச் சொன்னாங்க வாத்தியாரே. நெசந்தான். ஆனா தரையில தண்ணி படக் கூடாதுன்னு வெள்ளக்காரரு போர்டு ஒட்டிக்கிறாரு. நான் இன்னா பண்ணுவேன்? தண்ணியோட தண்ணி சேர்ந்துட்டுப் போவட்டும்னு தொட்டியில ஊத்திட்டேன். ஒரு சொட்டு கீழ சிந்தல."

சிந்தவில்லை என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். கான்ட்ராக்ட் ஆள், ஒரு வார்த்தையில் வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். முந்நூறு மில்லியையும் நானே ஊற்றியதாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓய்வுபெற்றவனை எந்த வேலையிலிருந்து அனுப்புவார்கள்?

அன்று மாலை மகள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தண்ணீர்ப் பராமரிப்பில் தவறு நேர்ந்தது, பொறுப்பு என்னுடையது என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. கீழே அவள் பெயர். கையெழுத்து இன்னும் போடவில்லை. "காலையில போடுவேன்" என்றாள். பொறுப்பு அவளுடையது என்று எழுதிக் கொடுத்தால் பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் நிற்காது. வேலையும் நிற்காது.

வியாழக்கிழமை கொட்டகைக்குள்ளேயே மேசை போட்டு நடந்த கூட்டத்தில் ஒன்பது பேர். நான் பத்தாவது. அழைக்காமல் உள்ளே போனேன். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அப்பா, இப்ப சோறு வேணாம், வெளிய இருங்க."

"சோறு இல்ல. ஒன்னு சொல்லணும்."

என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலம். பதற்றத்தில் அதுவும் வரவில்லை. தமிழில் சொன்னேன். அவள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவள் நிறுத்திவிட்டாள். வெளிநாட்டு இன்ஜினியர் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு அவள் ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள்: இவர் என் தகப்பனார். தொட்டியில் தீர்த்தத்தைத் தானே ஊற்றியதாகச் சொல்கிறார். முந்நூறு மில்லி.

நம் தரப்பு அதிகாரி ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மூணு நாட்டு ப்ராஜெக்ட்டுல உங்க வீட்டுத் தீர்த்தமா சார்? வேற எடமே கெடைக்கலியா?"

இன்ஜினியர் என் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். உப்பின் அளவை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்டார். மளிகைக் கடைத் தராசு என்றேன். அவர் எதையோ தன் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்துத் தலையசைத்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஞாயிறு என்றேன். ஞாயிறன்று கொட்டகை பூட்டியிருக்குமே என்றார்.

டீத் தட்டோடு வாசலில் நின்ற காவலாளி உள்ளே வந்தார்.

"வாத்தியார் பொய் சொல்றாரு சார். அவரு சனிக்கிழம சொட்டு சொட்டா விட்டதை நான் ஜன்னல் வழியா பாத்தேன். வாய் அசைஞ்சிக்கினே இருந்துது. ஊத்தினது நானு. சாவி என்கிட்ட இருக்குது, தொறந்து ஊத்தினேன்."

மகள் என்னைப் பார்த்தாள். சொட்டுக் கதை அவளுக்கு அப்போதுதான் தெரியும். குரல் மாறாமல் அதையும் மொழிபெயர்த்தாள். எத்தனை சொட்டு என்று இன்ஜினியர் கேட்டார். பதினொன்று என்றேன். ஏன் தொட்டியில் ஊற்றினீர்கள் என்று காவலாளியைக் கேட்டார். அவர் டீத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரிலிருந்த பலகையைக் கையால் காட்டினார். "அவரு தானே சார் தரை நனையக் கூடாதுன்னாரு?"

இன்ஜினியர் எழுந்து பலகை அருகே போய் நின்றார். தான் எழுதியதை முதல்முறை படிப்பவர்போலப் படித்தார். திரும்பி வந்து, மணி அடித்ததற்கும் இயந்திரம் நின்றதற்கும் எத்தனை நொடி என்று மகளிடம் கேட்டார். நான்கு என்றாள். அப்படியானால் உப்பு அதிகம் உள்ளே போயிருக்காது, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல் என்னோடு பல வாரம் இருந்தது.

மகளின் நான்கு வரித் தாளை அன்று யாரும் வாங்கவில்லை. கூட்டக் குறிப்பில் வேறு எழுதினார்கள். பூட்டில்லாத தொட்டி அவர்கள் வடிவமைத்தது, அதன் பக்கத்தில் ஆளை விட்டது நாம், தவறு இரு தரப்புக்கும் பொது. தொட்டிக்குப் பூட்டு போட வேண்டும். குடும்பத்தினருக்கு உள்ளே அனுமதி இல்லை. காவலாளி வெளிக் கேட்டுக்கு மாற்றப்படுகிறார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாகத்தை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் இரண்டாவது கட்டமும் பயிற்சிப் பட்டியலும் அப்படியே இருக்கும். ஓடாவிட்டால் இரண்டும் இல்லை.

மாற்றுப் பாகம் விமானத்தில் வந்து சேரப் பதினேழு நாள் ஆயிற்று. அந்தப் பதினேழு நாளும் மகள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என்னைக் கேட்டிருந்தா கொட்டகை வாசல்ல தெளிக்க ஒரு எடம் காட்டியிருப்பேம்பா" என்றாள். நான் ரசத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவளைக் கேட்கலாம் என்று எனக்கும் என் மனைவிக்கும் தோன்றவே இல்லை.

ஓட்டிப் பார்த்த நாள் காலை, வீட்டிலிருக்க முடியாமல் கல்லூரிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். காவலாளி உள்பக்கம் நின்றார். பத்தரைக்கு ஓட்டுவதாக மகள் சொல்லியிருந்தாள். ஓட்டிய ஒரு நிமிடத்துக்குள் மணி அடிக்காவிட்டால் பிழைத்தது என்றாள். இருநூற்றுப் பதினான்கு காலடி தூரத்தில் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. பத்தரைக்கு விசிறிச் சத்தம் கேட்டது. ஒன்று என்று தொடங்கினேன்.

"வாத்தியாரே, அம்மாவுக்கு நாளைக்கு நெத்திலி கொண்டாரட்டுமா, வஞ்சிரம் கெடைக்கல" என்றார் காவலாளி.

"ஏதோ ஒன்னு கொண்டாங்க" என்றேன். திரும்பினால் எண்ணிக்கை இல்லை. முப்பதா, நாற்பதா? நாற்பது என்று வைத்துக்கொள்ள நாக்கு நுனிவரை வந்தது. இடது புருவம் குறுகுறுத்தது.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். காவலாளி ஏதோ கேட்டார், கையைக் காட்டி நிறுத்தினேன். ஐம்பத்தெட்டு எண்ணும்போது கொட்டகைக் கதவு திறந்தது. மகள் வெளியே வந்து கேட்டுப் பக்கம் பார்த்தாள். மணி எதுவும் அடிக்கவில்லை. அவள் கையில் தொட்டிப் பூட்டின் சாவி வெயிலில் மின்னியது, அதை மேலே தூக்கி இரண்டு முறை ஆட்டினாள்.

ஐம்பத்தொன்பது, அறுபது என்று முடித்த பிறகுதான் நானும் கையைத் தூக்கினேன்.